அறுபத்து மூன்று

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
மார்கழி இருபத்து மூன்று, இரவு பத்தே கால்.
பிரிஜ்ஜின் அடித்தட்டில்
மூன்று பன்றித்தொடை, மூன்று சுபாவம்.

ஒன்று சுப்பர்மார்க்கற் பொதி.
முழுதாய் வெந்ததென்று லேபல் சத்தியம் பண்ணுகிறது.
சூடு காட்டினால் போதும்,
ஆனாலும் அறுபதைத் தொடாமல்
என் மேசைக்கு அது வராது.

இன்னொன்று வத்தளையில் மிஸிஸ் ஜூரியன்ஸ் உப்பிட்டது.
தண்ணீரில் கிடக்கிறது, முந்தநாள் தொடக்கம்.
நாலு தரம் தண்ணீர் மாற்றிவிட்டேன்.
உப்பு ஒரு ராத்திரியில் மனம் மாறாது.
அது புதுவருஷத்துக்கு.

கடைசியாய் ஜா-எலயில் வாங்கிய பச்சைத்தொடை,
நாலே கால் கிலோ, தோலோடு.
பயம் முழுக்க இதில்தான்.

தடுப்பூசி வைக்கிற குளிரறையில் எனக்கு வேலை.
பதினொரு வருஷமாய்
இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே
என் சம்பளம், என் நித்திரை.
கரண்ட் போனால் முதலில் என் போன்தான் அடிக்கும்.
மைத்துனன்மார் சிரிக்கட்டும்,
செத்த பன்றிக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் என்று.

நிறத்தை நம்பி என்ன செய்ய?
உப்பில் பதமானது
வெந்த பிறகும் வெட்கப்பட்டவள்போல் சிவந்தே இருக்கும்.
பச்சை இறைச்சியோ வெளியே பொன்னாகி
எலும்போரம் கள்ளமாய்க் குளிர்ந்திருக்கும்.
மூக்கும் அப்படித்தான்.
கறுவா, கராம்பு, அன்னாசிப் பாணி,
இந்த மூன்றும் சேர்ந்தால்
எந்தக் குற்றத்துக்கும் சாட்சி இல்லை.

போன நத்தாருக்கு
காலை எட்டு மணிக்கு மேசையில் வைத்தது
பின்னேரம் நாலுக்கும் மேசையில் இருந்தது.
இலையான் வலை போட்டு மூடித்தான் இருந்தது.
கொழும்பு வெக்கைக்கு வலை ஒரு பொருட்டா?
கொறற்ரி வெட்டி வெட்டிக் கொடுத்தான், அன்பாய்த்தான்.
டியோனுக்கு அப்போது மூன்று வயது.
இன்னொரு துண்டு கேட்டு வாங்கினான்.

பெரியாஸ்பத்திரி, சின்னப்பிள்ளைகள் வாட்டு, இரண்டு ராத்திரி.
சேலைன் துளிகளை எண்ணினேன்.
எண்ணுவதுதான் எனக்கு வாய்த்த செபம்.
யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இந்த நத்தார், பதினொரு மணி.
கம்பியை எலும்பில் முட்டாமல்
தடித்த தசையின் நடுவுக்குள் இறக்குகிறேன்.
நாற்பத்தொன்று.
ஹோலில் பைலா, கிளாஸ்களில் ஐஸ்.
அம்பத்திரண்டு.
அம்பத்தெட்டில்
ஓவனுக்குள் நீலச்சுடர் ஒருக்கால் விக்கியது,
பிறகு இல்லை.
சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். வெறும் இரும்பு.

நத்தார் அன்று எந்தக் கடை திறக்கும்?
"அம்பத்தெட்டு காணும்," என்றார் மாமா.
"அஞ்சு தானே குறைய," என்றார் யாரோ.
"பசிக்குது."

கொறற்ரி ஒன்றும் பேசவில்லை.
கிளாஸை வைத்தான். செருப்பைத் தேடினான்.
லிப்ட் பழுது.
ஜம்பட்டா வீதிக்குப் போய்,
தன் வீட்டு அடுப்பிலிருந்து கழற்றிய சிலிண்டரைத்
தோளில் ஏற்றிக்கொண்டு
நாலு மாடி.
வரும்போது புதுச் சேட்டின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.
ஓவன் கதவை அதுவரை நான் யாருக்கும் திறக்கவிடவில்லை.

அவனே ரெகுலேற்றரைப் பூட்டினான்.
அவனே சோப்பு நுரை பூசிக் கசிவு பார்த்தான்.
பிறகு குசினித் தரையில் குந்தியிருந்து
கண்ணாடியைப் பார்த்தபடி,
என்னைப் பார்க்காமல்,
"எத்தனை?" என்றான்.
அறுபது.
"இப்ப?"
அறுபத்தொன்று.
அவனுக்குப் பின்னால் வந்து நின்ற டியோன்
சித்தப்பாவின் ஈர முதுகில் சாய்ந்தான்.

அறுபத்து மூன்று.
வெளியே எடுத்தேன். கத்தியை நீட்டினான் மாமா.
"மூன்று நிமிஷம் பொறுக்க வேணும்," என்றேன்.
கொறற்ரி மணிக்கூட்டைக் கழற்றி
இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தான்.

சாப்பிட்டோம். தோல் கொஞ்சம் கருகித்தான் போயிருந்தது.
ஒன்றே முக்காலுக்கு, பைலா உச்சத்தில் இருக்க,
ஒரு போனில் அலாரம் அடித்தது.
என்னுடையது இல்லை.
ஆடிக்கொண்டிருந்தவன் எழுந்து போய்
மிச்சத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைக்கத் தொடங்கினான்,
மூடிகளை மாற்றி மாற்றிப் போட்டு,
ஒன்றும் பொருந்தாமல்.